டாரியோ அர்ஜெண்டோ ஏன் இப்படி ஆனார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் நாங்கள் சில பேர் சேர்ந்து சனிக்கிழமை இரவுகளில் பழைய படங்கள் போட்டுப் பார்க்கிறோம். பேய்ப்படம், கொலைப்படம் என்று வந்தால் இத்தாலி இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோவின் பெயர் எப்படியும் வந்துவிடும், அதோடு அதே கேள்விகளும் வந்துவிடும். அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள், கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஃபோனில் கேட்பார்கள், படம் முடிந்து கேற்றடியில் நின்றும் கேட்பார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இந்த மனிதரின் நல்ல படங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, அதனாலேயே பின்னால் வந்த படங்களைப் பற்றி மழுப்பாமல் எழுதுகிறேன்.

“அர்ஜெண்டோ எண்டா ஆரு? நான் பேரே கேள்விப்படல்ல.”

1940இல் ரோமில் பிறந்தவர். அப்பா சல்வத்தோரே படத் தயாரிப்பாளர், அம்மா எல்டா லுக்சார்தோ புகைப்படக் கலைஞர். பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர், செர்ஜியோ லியோனே 1968இல் எடுத்த ‘ஒன்ஸ் அப்பொன் எ டைம் இன் த வெஸ்ட்’ படத்தின் கதையை லியோனேயோடும் பெர்த்தொலுச்சியோடும் சேர்ந்து எழுதினார். 1970இல் ‘த பேர்ட் வித் த கிறிஸ்டல் புளூமேஜ்’ என்று தன் முதல் படத்தை எடுத்தார். கறுப்புக் கையுறை போட்ட கொலையாளி, தற்செயலாகக் கொலையைக் கண்ட ஒரு சாட்சி, கண்டதில் எதையோ சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்ட அந்தச் சாட்சியின் தவிப்பு, இதுதான் அவருடைய வகை. ஜாலோ என்பார்கள். பல படங்களில் அந்தக் கையுறைக்குள் இருந்தவை அர்ஜெண்டோவின் சொந்தக் கைகள்.

1975இல் ‘டீப் ரெட்’, 1977இல் ‘சஸ்பீரியா’, 1982இல் ‘டெனெப்ரே’, 1987இல் ‘ஒப்பெரா’. உலகம் முழுக்கப் பேய்ப்பட இயக்குநர்கள் இவற்றைப் பார்த்துத் தொழில் படித்தார்கள். அதே ஆள் 2012இல் எடுத்த டிராகுலாவைப் பார்த்து அரங்கில் சனம் சிரித்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

“சின்ன வயசில டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்த படம், தியேட்டருக்குள்ள சனம் ஒவ்வொண்டாப் பிசாசாகும். அது இவர்ட படம்தானே?”

அது ‘டீமன்ஸ்’, 1985. இயக்கியவர் லம்பெர்த்தோ பாவா. அர்ஜெண்டோ தயாரிப்பாளர், திரைக்கதையிலும் பங்கு உண்டு. இந்தக் குழப்பம் எங்கள் ஊரில் மட்டும் இல்லை. எண்பதுகளில் அவருடைய பெயரைப் போட்டால் கசெட் ஓடும் என்பதால் அவர் இயக்காத படங்களின் அட்டையிலும் அவர் பெயர்தான் பெரிதாக இருந்தது. அமெரிக்க இயக்குநர் ரொமேரோவின் ‘டோன் ஒஃப் த டெட்’ படத்துக்கும் பணம் திரட்டிக் கொடுத்தவர் இவர்.

“சஸ்பீரியா பார்த்தன். கதையே இல்லையே. மறுகா ஏன் எல்லாரும் இவ்வளவு பெரிசாச் சொல்றாங்க?”

கதை இல்லை என்பது உண்மை. ஒரு அமெரிக்கப் பெண் ஜெர்மனியில் நடனம் படிக்கப் போகிறாள், பள்ளியை நடத்துவது சூனியக்காரிகள், அவ்வளவுதான். வடமோடிக் கூத்துப் பார்க்கப் போகிற எங்கள் ஆக்கள் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பதில்லை, அருச்சுனன் தவத்துக்குப் போவான் என்பது எல்லாருக்கும் தெரியும். வரவு எப்படி, ஆட்டம் எப்படி, கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் பிசகாமல் நின்றதா, இதைத்தான் விடிய விடிய இருந்து பார்க்கிறார்கள். சஸ்பீரியாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண் விமான நிலையத்துக்குள் நடந்து வருகிறாள். உள்ளே எல்லாம் சாதாரணமாக இருக்கிறது, சாதாரணச் சத்தம். முன்னால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. அது திறக்கிறபோது வெளியே இருந்து கொப்ளின் குழுவின் இசை உள்ளே வருகிறது, மூடினால் நின்றுவிடுகிறது, மறுபடி திறந்தால் மறுபடி வருகிறது. கதவை இழுக்கிற இரும்புப் பொறியை மட்டும் ஒரு கணம் கிட்டத்தில் காட்டுகிறார். அவள் வெளியே கால் வைத்ததும் மழையும் காற்றும் இசையும் ஒன்றாக அடிக்கின்றன. ஒரு பேயும் வரவில்லை, ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தொவோலி, நிறத் துணிகளையும் தாள்களையும் சட்டத்தில் கட்டி விளக்குக்கு முன்னால், நடிகரின் முகத்துக்குக் கிட்டவே வைத்துச் சிவப்பையும் நீலத்தையும் எடுத்தார். பிரதிகள் பழைய டெக்னிகலர் சாய முறையில் அச்சடிக்கப்பட்டன, அந்த முறை அப்போதே சாகக் கிடந்தது. முதலில் நடனப் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் படிப்பதாகத்தான் அர்ஜெண்டோ நினைத்திருந்தார். அப்பா மறுத்துவிட்டார். பாத்திரங்களைப் பெரிய பெண்களாக்கியவர் கதவுக் கைபிடிகளை மட்டும் உயர்த்திப் பொருத்தச் சொன்னார், அதனால் அவர்கள் கதவைத் திறக்கும்போது குழந்தைகள் எட்டிப் பிடிப்பதுபோல இருக்கும்.

“சரி, எப்பயிருந்து சரிஞ்சது? சரியா எந்தப் படம்?”

இதில் சண்டையே பிடிப்பார்கள். ‘ஒப்பெரா’வுக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று 1987இல் கோடு போடுபவர்கள் அதிகம். நான் அப்படிப் போட மாட்டேன். 1996இல் வந்த ‘த ஸ்டெந்தால் சிண்ட்ரோம்’ கடினமான, முழுதாக யோசித்து எடுத்த படம்: ஓவியத்தின் முன்னால் மயங்கி விழும் ஒரு பெண் பொலிஸ் அதிகாரி, அந்த மயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு கொடியவன். உண்மையான சறுக்கல் 1998இல் வந்த ‘த ஃபாண்டம் ஒஃப் த ஒப்பெரா’. முகமூடியே இல்லாத, எலிகளோடு வளர்ந்த ஒரு ஃபாண்டம். பயமும் வரவில்லை, காதலும் வரவில்லை.

2001இல் ‘ஸ்லீப்லெஸ்’ வந்தது. கொப்ளின் குழு மறுபடி சேர்ந்தது, மக்ஸ் வொன் சீடோ ஓய்வுபெற்ற பொலிஸ்காரராக நடித்தார், தொடக்கத்தில் ரயிலில் நடக்கும் நீண்ட காட்சி பழைய அர்ஜெண்டோவேதான். ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். பிறகு 2004இல் ‘த கார்ட் பிளேயர்’, 2007இல் ‘மதர் ஒஃப் டியர்ஸ்’, 2009இல் ‘ஜாலோ’, 2012இல் ‘டிராகுலா 3டி’. வரிசையாகக் கீழேதான். ‘ஜாலோ’ படத்தில் நடித்த ஏட்ரியன் புரோடி சம்பளம் வரவில்லை என்று வழக்குப் போட்டதுதான் அந்தப் படத்தைப் பற்றிப் பலருக்கும் ஞாபகம் இருக்கிற ஒரே விஷயம்.

“வயசு போனா எல்லாருக்கும் இப்பிடித்தானே சேர்?”

இல்லை. ஃபாண்டம் வந்தபோது அர்ஜெண்டோவுக்கு 58 வயதுதான். குரோசாவா ‘ரான்’ படத்தை 75 வயதில் கொடுத்தார். ஹிட்ச்கொக் ‘ஃபிரென்சி’ எடுத்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா இருக்கிறாரே. 1980இல் ‘மூடுபனி’ எடுத்த மனிதர், மனநோயுள்ள கொலைகாரன் ஒருவனை ஊட்டிப் பனிக்குள் வைத்துக் காட்டியவர். 2013இல் ‘தலைமுறைகள்’ எடுத்தார், தானே தாத்தாவாக நடித்தார், அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இறந்துவிட்டார், அதன் பிறகு படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அது சின்னப் படம், அதிகப் பணம் கேட்காத படம். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு வீடு, மரங்கள், பகல் வெளிச்சம், ஒரு கிழவர், ஒரு பேரன். அர்ஜெண்டோவுக்கு வேண்டியது அப்படிப்பட்டதில்லை, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

“அப்ப என்னதான் நடந்தது? ஒரு காரணத்தைச் சொல்லுங்க.”

ஒரே காரணம்தான் வேண்டும் என்றால், அவருடைய படங்களைத் தாங்கிக்கொண்டிருந்த இத்தாலியப் படத்தொழில் சரிந்துவிட்டது. 1976இல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தனியார் உள்ளூர் டிவி ஒளிபரப்பலாம் என்று தீர்ப்புச் சொன்னது. உடனே நூற்றுக்கணக்கில் டிவி நிலையங்கள் முளைத்தன, இரவு பகலாகப் படம் போட்டன. 1975இல் இத்தாலியில் வருடத்துக்கு 50 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது, பத்து வருடத்தில் அது 12 கோடி அளவுக்கு விழுந்தது. தியேட்டர்கள் மூடின. படத்துக்குப் பணம் போடுவது டிவி நிறுவனங்கள் என்று ஆனது. டிவியில் மாலை நேரம் போடக்கூடிய படத்துக்குத்தான் அவை பணம் போடும்.

மேலே சஸ்பீரியா பற்றிச் சொன்னதை வைத்து யோசியுங்கள். துணி கட்டிய விளக்கு, சுவர் சுவராகக் கட்டிய செட், படப்பிடிப்புக்கு முன்பே எழுதிய இசை, அதைத் தளத்தில் சத்தமாகப் போட்டு நடிகர்களை நடுங்க வைத்தது (பேச்சை எல்லாம் பிறகு டப் பண்ணும் வழக்கம் இருந்ததால் அது முடிந்தது), இதற்கெல்லாம் காசும் நாளும் ஆக்களும் வேண்டும். ‘டெனெப்ரே’யில் ஒரு வீட்டின் ஒரு பக்கச் சுவரில் ஏறி, கூரை ஓடுகளைத் தடவி, மறுபக்கம் இறங்கும் கமரா, வெட்டே இல்லாமல் இரண்டரை நிமிடம் அளவில் ஓடும். கமராவை நீண்ட கையில் தூக்கிக்கொண்டு போகும் லூமா கிரேன் கொண்டுவந்து எடுத்தது. கதைக்கு அது எந்த விதத்திலும் தேவையில்லை, பார்க்கிற எங்களுக்குத்தான் தேவை. கணக்குப் பார்க்கிற தயாரிப்பாளர் முதலில் வெட்டுவது அதைத்தான். வெட்டின பிறகு மிஞ்சுவது கதை, கதை அவருக்கு எப்போதுமே பலமில்லை.

இவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. லம்பெர்த்தோ பாவா டிவிக்குப் போய்ச் சிறுவர் மாயக்கதைத் தொடர் எடுத்தார். அர்ஜெண்டோவிடம் தொழில் படித்த மிக்கேலே சொவாவி 1994இல் ஒரு அற்புதமான படம் கொடுத்துவிட்டு அவரும் டிவிக்குத்தான் போனார். இன்னொரு பேய்ப்பட இயக்குநரான லூச்சியோ ஃபுல்ச்சி 1996இல் இறந்தார், அப்போது அவருக்காக ஒரு படத்தைத் தயாரிக்க ஓடிக்கொண்டிருந்தவர் அர்ஜெண்டோ. அந்தத் தலைமுறையில் தியேட்டருக்குப் படம் எடுத்துக்கொண்டே இருந்தவர் கிட்டத்தட்ட இவர் மட்டும்தான், அதனால் சரிவும் இவர் தலையில்தான் எல்லாருக்கும் தெரிகிறது.

“கூட இருந்த ஆக்கள் போனதும் ஒரு காரணம் எண்டு சொல்றாங்களே?”

ஓம், அதுவும் பெரிய காரணம். தாரியா நிக்கொலோடி அவருடைய வாழ்க்கைத் துணை, நடிகை, சஸ்பீரியாவை அவரோடு சேர்ந்து எழுதியவர். எண்பதுகளின் நடுவில் பிரிந்தார்கள். வீட்டுக்குள் இருந்தே “இது சரிவராது” என்று சொல்லக்கூடிய ஆள் அவர். சல்வத்தோரே 1987இல் இறந்தார். சின்னப் பிள்ளைகளை வைத்து எடுக்காதே என்று மகனிடம் மறுப்புச் சொன்ன அப்பா என்று மேலே எழுதினேனே, அவர்தான். அப்படி மறுக்கிற தயாரிப்பாளர் பக்கத்தில் இருந்தது படத்துக்கு நல்லதாகவே முடிந்தது.

“ஆக்கள் போனதுதான் காரணம் எண்டா, டிராகுலாவுக்கு தொவோலியும் திரும்பி வந்தார், கொப்ளின் சிமொனெத்தியும் வந்தார். மறுகா ஏன் அந்தப் படம் அப்பிடி?”

நல்ல கேள்வி, கேட்டவர் ஒரு ஏ.எல். படிக்கிற தம்பி. ஆக்கள் திரும்பினார்கள், அவர்கள் வேலை செய்த பொருள் திரும்பவில்லை. சஸ்பீரியாவில் இருட்டு என்று ஒன்று இருந்தது, அதற்குள்ளிருந்து சிவப்பு எழும்பி வந்தது. டிராகுலா டிஜிட்டலில், அதுவும் 3டியில் எடுத்தது. ஆழம் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லா மூலையிலும் வெளிச்சம் விழுகிறது, ஒரு கல்லும் ஒரு இலையும் மறைவில் இல்லை. மறைவில் ஒன்றும் இல்லாத இடத்தில் தொவோலி எதை வைத்துப் பயம் காட்டுவார்?

அப்புறம் அந்தக் கும்பிடுபூச்சி. டிராகுலா மனித உயரத்தில் ஒரு பச்சைப் பூச்சியாக மாறி ஒரு ஆளைக் கொல்வான். யோசனை எனக்குப் பிடிக்கும், உண்மையாகத்தான் சொல்கிறேன், பூச்சிகளை வைத்து ‘ஃபெனோமெனா’ எடுத்தவருடைய மூளையில்தான் அது வரும். ஆனால் அந்தப் பூச்சிக்குப் பாரம் இல்லை. நிலத்தில் கால் வைக்கிறது, நிலம் அதை உணரவில்லை. வெளிச்சம் அதன் முதுகில் ஒரு விதமாகவும் பக்கத்துச் சுவரில் இன்னொரு விதமாகவும் விழுகிறது. ‘ஒப்பெரா’வில் உண்மையான காகங்களை அரங்குக்குள் பறக்கவிட்டு, அவை சுற்றிச் சுற்றி இறங்குவதை மேலிருந்து கமராவால் எடுத்தவர் இவர். அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டம்.

“புதுத் தொழில்நுட்பம் அவருக்கு ஒத்துவரல்ல எண்டு சொல்லலாமா?”

அப்படிச் சொல்ல முடியாது, புதுக் கருவி எங்கே கிடைக்கும் என்று தேடித் திரிந்தவர் அவர். லூமா கிரேன் சொன்னேன். ‘ஸ்டெந்தால் சிண்ட்ரோம்’ இத்தாலியில் கொம்பியூட்டர் வரைகலையை முதன்முதலில் பயன்படுத்திய படங்களில் ஒன்று, விழுங்கின மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைக்கூடக் காட்டுவார்.

‘த கார்ட் பிளேயர்’ படத்தில் அவரே வேண்டுமென்றுதான் நிறத்தைக் கைவிட்டார். கொலையாளி இணையத்தில் பொலிசோடு சீட்டு விளையாடுகிறான், தோற்றால் ஒரு பெண் சாகிறாள். இயற்கை வெளிச்சம், இரத்தமும் குறைவு. பழையதையே செய்கிறார் என்று ஆக்கள் குறை சொன்னபோது புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் சீட்டு விளையாடும் திரையை ஐந்து பொலிஸ்காரர் நின்று பார்ப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

“மதர் ஒஃப் டியர்ஸ் சஸ்பீரியாட மூணாம் பாகம்தானே. மூணையும் ஒரே மூச்சில பார்க்கட்டா?”

முதல் இரண்டையும் பாருங்கள். சஸ்பீரியா 1977, ‘இன்ஃபெர்னோ’ 1980. இன்ஃபெர்னோ எடுக்கும்போது அர்ஜெண்டோவுக்குக் கடும் நோய், மூத்த இயக்குநர் மாரியோ பாவா வந்து தந்திரக் காட்சிகளில் கைகொடுத்தார். தண்ணீர் நிரம்பிய நிலவறைக்குள் சாவி தேடி ஒரு பெண் முங்கும் காட்சிக்காக மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

மூன்றாவது வர 27 வருடம் ஆனது. ரோம் நகரம் முழுக்கச் சூனியக்காரிகள் கூடுகிறார்கள் என்று கதை, கண்ணில் படுவது தெருவில் கத்திக்கொண்டு போகும் கொஞ்சப் பெண்கள். மேலே இன்னொரு பதிலில் சொன்ன காசு விஷயம்தான். காத்திருந்தவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய ஏமாற்றம், டிராகுலாவைவிட.

“மகள் ஆசியாவை நடிக்க வைச்சதுதான் பிழை எண்டு சொல்றாங்க.”

அது அநியாயமான பேச்சு. ‘ஸ்டெந்தால்’ படத்தைத் தாங்குவது ஆசியா அர்ஜெண்டோதான், அப்போது இருபது வயது. அப்பா மகளை அப்படியான வன்முறைக் காட்சிகளில் வைத்து எடுத்தது சரியா என்று கேளுங்கள், அது கேட்க வேண்டிய கேள்வி, எனக்கும் அந்தக் காட்சிகளைப் பார்க்க முடியவில்லை. படம் சறுக்கியதற்கு நடிகையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

“பொம்பிளையளைக் கொல்றதைத்தானே அழகா எடுக்கிறார். இதையெல்லாம் நாங்க ஏன் பார்க்கணும்?”

இதைக் கேட்ட தங்கச்சிக்கு அன்றைக்குச் சொன்ன பதிலையே எழுதுகிறேன்: பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, குற்றச்சாட்டும் பொய் இல்லை. அர்ஜெண்டோவுக்கே அது தெரியும். ‘டெனெப்ரே’யில் ஒரு பெண் பத்திரிகையாளர் எழுத்தாளர் ஒருவரிடம் உங்கள் புத்தகம் பெண்களை வெறுக்கிறது என்று நேரே கேட்கிறாள். கேள்வியைப் படத்துக்குள் வைத்தார், பதில் சொல்லவில்லை, பிறகு அவளையும் கொன்றுவிட்டார்.

சரிவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல படங்களில் கொலை ஒரு கனவுபோல இருக்கும், நிறமும் இசையும் அதை இந்த உலகத்திலிருந்து தூக்கிவிடும். பின்னாளில் அவை போய்விட்டன, கொடூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ‘மதர் ஒஃப் டியர்ஸ்’ தொடக்கத்தில் ஒரு பெண்ணைக் கொல்லும் விதத்தைப் பார்த்துவிட்டு எங்களில் இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். நான் தடுக்கவில்லை.

“2018ல வந்த புதுச் சஸ்பீரியா நல்லமா?”

லூக்கா குவாதன்யீனோ எடுத்தது. நல்ல படம், வேறு படம். பழையதின் நிறங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, 1977ஆம் ஆண்டுப் பேர்லினின் சாம்பல் நிறத்தையும் அரசியலையும் எடுத்துக்கொண்டார். அர்ஜெண்டோவுக்குப் பிடிக்கவில்லை, பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்னார்.

“கடைசிப் படம் பார்க்கலாமா?”

‘டார்க் கிளாசஸ்’, 2022, பத்து வருட இடைவெளிக்குப் பிறகு. பல வருடத்துக்கு முன்பே எழுதி, தயாரிப்பாளர் நொடித்துப்போனதால் கிடப்பில் கிடந்த கதை. கொலையாளி துரத்தி விபத்தில் கண் பார்வை போன ஒரு பெண்ணும், அந்த விபத்தில் பெற்றோரை இழந்த ஒரு சீனச் சிறுவனும். ரோமில் சூரிய கிரகணத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் தொடக்கக் காட்சி அமைதியாக, அழகாக இருக்கிறது. மிச்சம் சுமார். ஆனால் அந்தப் பெண்மீதும் பிள்ளைமீதும் படத்துக்கு ஒரு பரிவு இருக்கிறது, இளமையில் அவரிடம் அதைக் காணவில்லை.

அதைவிட முக்கியமாக ‘வோர்டெக்ஸ்’ பாருங்கள், 2021. கஸ்பார் நொயே இயக்கியது, அர்ஜெண்டோ நடித்தது. மறதி நோய் வந்த மனைவியோடு ஒரு வீட்டில் வாழும் கிழவர், சினிமாவும் கனவும் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும் விமர்சகர். திரை இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மனைவி. தொடங்கிய தொழில் விமர்சனம்தானே, அந்த மேசையிலேயே எண்பது வயதில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னாள் அர்ஜெண்டோவிடம் எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

“புதுசாத் தொடங்கிறவன் எதைப் பார்க்கணும்? எந்தப் பிரதி?”

‘டீப் ரெட்’. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் இத்தாலியப் பிரதியைத் தேடுங்கள், வெளிநாட்டுக்கு வெட்டி அனுப்பியது இருபது நிமிடம் குறைவு. ‘ஃபெனோமெனா’வையும் அமெரிக்காவில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வெட்டி ‘கிறீப்பர்ஸ்’ என்று வெளியிட்டார்கள், அது வேண்டாம். சஸ்பீரியாவை 4கே தரத்தில் மீட்டெடுத்திருக்கிறார்கள். கசெட்டில் ரோஸ் நிறமாக வெளிறிப்போயிருந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், ஃபோனில் பார்க்காதீர்கள்.

“உண்மையச் சொல்லுங்க, பழைய படமும் இதே அளவுதானோ? நாங்கதான் மயங்கிட்டமோ?”

டீப் ரெட்டின் தொடக்கத்தில் அந்தப் பியானோக்காரன் கொலை நடந்த வீட்டின் நடைவழியால் ஓடுகிறான், இரண்டு பக்கமும் வரிசையாகப் படங்கள். எதையோ பார்த்தேன், இப்போது அது இல்லை என்று படம் முழுக்கத் தவிக்கிறான். அவன் பார்த்ததை நாங்களும் பார்த்திருப்போம், அர்ஜெண்டோ ஒளிக்கவே இல்லை, கமரா நேராக அதைக் கடந்து போகிறது. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் போட்டால் அது அங்கேயே இருக்கிறது, அதே இடத்தில், அத்தனை வெளிச்சத்தில். காட்டிக்கொண்டே காணாமல் செய்வது மயக்கத்தில் நடக்கிற காரியம் இல்லை, ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்குப் பார்த்து வைத்தது. சந்தேகம் இருந்தால் படம் முடிந்ததும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் திரும்பப் போட்டு, நடைவழியில் அவன் திரும்பும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.